வட்டுக்குக் கணக்கு எழுதியவர்

1990களின் தொடக்கத்தில் கணிப்பொறி கற்கச் சென்றவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குளிரூட்டப்பட்ட அறைக்குள் அறுவைக்கூடத்தில் நுழைவதுபோல் அடியெடுத்து வைப்போம். திரை கறுத்துக் கிடக்கும். அதன் இடது ஓரத்தில் 'சி' என்னும் ஆங்கில எழுத்து, அதையடுத்து இரண்டு புள்ளிகள், ஒரு சாய்கோடு, ஒரு கோணக்குறி. அதற்கப்பால் நமக்காகக் காத்திருப்பதுபோல் மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கோடு. டி, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளைத் தட்டினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று இறங்கிவரும். 'டாஸ்' என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். வட்டு இயக்கமுறை என்பது பொருள்.

அந்த எழுத்து ஏன் 'சி'? 'ஏ' எங்கே போயிற்று? அன்று நாம் கேட்கவில்லை. ஏயும் பியும் நெகிழ்வட்டுகளுக்கு உரியவை, பின்னால் வந்த நிலைவட்டுக்குச் 'சி' கிடைத்தது என்பது பிறகு தெரிந்தது. இன்றைய விண்டோஸ் கணிப்பொறியிலும் அந்தச் 'சி' அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நெகிழ்வட்டு மறைந்துவிட்டது, அது ஒதுக்கி வைத்த இடம் மட்டும் வெறுமையாக நிற்கிறது. இவ்வழக்கத்தைச் சிறு கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தவர் கேரி கில்டால் என்னும் அமெரிக்கர். அவரைப் பற்றிப் பெரும்பாலோர் அறிந்தது ஒரே ஒரு கதைதான்: ஐ.பி.எம். நிறுவனம் பெரும் செல்வத்தோடு வந்து கதவைத் தட்டிய நாளில், மனிதர் விமானம் ஓட்டி விளையாடப் போய்விட்டார் என்பது. ஒருவருடைய வாழ்நாள் உழைப்பை இப்படி ஒற்றை வரியில் முடித்துவிடுவது நியாயந்தானா என்று பார்ப்பதே நம் நோக்கம்.

கில்டால் 1942இல் சியாட்டில் நகரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் கப்பலோட்டும் கலையைக் கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்திவந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1972இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், கலிபோர்னியாவின் மான்டரே நகரிலுள்ள கடற்படை உயர்கல்விக் கூடத்தில் ஆசிரியராக இருந்தார். இன்டெல் நிறுவனம் 1971இல் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலி அவர் மனத்தைக் கவ்விக்கொண்டது. விரல்நகமளவு சில்லு ஒன்று கணிப்பொறியாக முடியும் என்பதைத் தெருவிளக்கைக் கட்டுப்படுத்தும் கருவியாகவே பலர் கண்ட காலம் அது. கில்டால் அதை மேசைமேல் வைக்கும் முழுக் கணிப்பொறியாகக் கண்டார். வாரத்தில் ஒரு நாள் இன்டெலுக்கு ஆலோசகராகச் சென்று, அச்சில்லுகளுக்கென்று 'பி.எல்./எம்.' என்ற நிரல்மொழியையும் அமைத்துக் கொடுத்தார்.

ஆனால் கணிப்பொறிக்கு நினைவு மட்டும் போதாது. எழுதியதைப் பத்திரப்படுத்த ஓர் இடம் வேண்டும். துளையிட்ட காகித நாடாக்கள் அன்று அவ்வேலையைச் செய்தன. 1977இல் வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணிப்பொறிகளும் பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவைத்தான் நம்பியிருந்தன. நாடாவில் ஒரு குறை உண்டு. நடுவில் இருப்பது வேண்டுமானால் தொடக்கத்திலிருந்து சுற்றவேண்டும். வட்டு அப்படியன்று; எந்த இடத்துக்கும் நேரே போகலாம். ஐ.பி.எம். 1971இல் தன் பெரிய கணிப்பொறிகளுக்கென்று செய்த எட்டு அங்குல நெகிழ்வட்டு, சில ஆண்டுகளில் சிறு கணிப்பொறிகளுக்கும் எட்டும் பொருளாயிற்று.

கில்டால் ஷுகார்ட் நிறுவனத்தின் வட்டு இயக்கி ஒன்றைப் பெற்று வந்தார். அது வெறும் சுழலும் பொறி. அதைக் கணிப்பொறியோடு பிணைக்கும் மின்சுற்று அவரிடம் இல்லை; தாமே செய்ய முயன்று தோற்றார். 1974இல் வாஷிங்டன் பல்கலைக்கழக நண்பர் ஜான் டொரோட் அந்தச் சுற்றைக் கட்டிக் கொடுத்தார். பசிபிக் குரோவ் என்னும் கடலோரச் சிற்றூரில், கில்டால் வீட்டுப் பின்புறத்துத் தளவாடக் கொட்டகையில் அது உயிர்பெற்றது. அதற்கென எழுதிய நிரலுக்குச் 'சிபி/எம்' என்று பெயர். இந்த எழுத்துகளைக் கேட்டதும் நம் நாட்டில் ஓர் அரசியல் கட்சிதான் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நுண்கணிப்பொறிகளுக்கான கட்டுப்பாட்டு நிரல் என்பதன் சுருக்கமே அது.

அந்நிரல் என்ன செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். நம் கிராமங்களில் கர்ணம் என்றொருவர் இருந்தாரே, அவரை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். வட்டு என்பது ஒரு நிலப்பரப்பு. அன்றைய எட்டு அங்குல வட்டில் வளையம் வளையமாக 77 தடங்கள். ஒவ்வொரு தடமும் 26 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் 128 எழுத்துகளுக்கு இடம். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 2,56,256. நிலம் அளந்து கிடக்கிறது. யாருக்கு எந்தத் துண்டு என்று சொல்லும் அடங்கல்தான் இல்லை. அது இல்லாதவரை, ஒவ்வொரு நிரலை எழுதுபவரும் தம் கடிதம் எத்தனையாவது தடத்தில், எத்தனையாவது துண்டில் கிடக்கிறது என்பதைத் தாமே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். கில்டால் அந்தக் கர்ணத்தின் வேலையை நிரலுக்குக் கொடுத்தார். வட்டின் முதல் இரண்டு தடங்கள் இயக்கமுறைக்கு. அதையடுத்து அடங்கல். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 எழுத்தளவில் ஒரு வரி: எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்துப் பின்னொட்டு, அதற்குரிய துண்டுகளின் எண்கள். மனிதர் பெயரைச் சொன்னால் போதும். இடத்தைக் கர்ணம் பார்த்துக்கொள்வார்.

கோப்பை அழித்தால் என்ன ஆகும்? நிலத்தில் எதுவும் அழியாது. அடங்கலில் அந்த வரியின் முதல் இடத்தில் ஒரு குறிப்பிட்ட எண் எழுதப்படும், அவ்வளவே. அந்த எண் எது என்பதில்தான் கில்டாலின் சாதுரியம் தெரிகிறது. ஐ.பி.எம். முறையில் தயாரான புதிய வட்டு முழுவதும் ஒரே எண்ணால் நிரப்பப்பட்டிருக்கும். அதே எண்ணையே 'இவ்வரி காலி' என்பதற்கு அடையாளமாக அவர் வைத்துக்கொண்டார். ஆகவே கடையில் வாங்கிய வட்டைப் போட்டவுடன், ஒன்றும் செய்யாமலே, அதன் அடங்கல் முற்றிலும் காலியாகத் தோன்றிற்று.

இன்னொன்று. அந்த வட்டு விநாடிக்கு ஆறு சுற்று சுழலும். ஒரு துண்டைப் படித்துக் கணிப்பொறி அதை விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த துண்டு தலையைத் தாண்டிப் போய்விடும். மறுபடி அது வர ஒரு முழுச் சுற்றுக் காத்திருக்கவேண்டும். அப்படிக் காத்திருந்து படித்தால் ஒரு தடத்துக்கு நான்கு விநாடிக்கும் மேலாகும். ஆகவே அடுத்த செய்தியை அடுத்த துண்டில் வைக்காமல், ஆறு துண்டு தள்ளி வைத்தார்கள்: ஒன்று, ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது என்று. விழுங்கி முடிக்கும் நேரமும் அடுத்தது வந்துசேரும் நேரமும் ஒத்துப்போயின. நான்கு விநாடி ஏறத்தாழ ஒன்றாயிற்று.

குறையும் இல்லாமலில்லை. எந்தத் துண்டு காலி என்ற கணக்கை அந்தக் கர்ணம் தம் தலைக்குள்தான் வைத்திருந்தார். நடுவில் வட்டை மாற்றிப் போட்டுவிட்டுச் சொல்லாமல் இருந்தால், பழைய ஊரின் கணக்கோடு புதிய ஊரில் நிலம் ஒதுக்கும் ஆபத்து. கில்டாலின் நிரல் அடங்கலைச் சரிபார்த்து, வட்டு மாறியிருப்பது தெரிந்தால் எழுத மறுத்துப் பிழைச்செய்தி ஒன்றைக் காட்டி நின்றுவிடும். வட்டு தப்பித்தது, ஆனால் தட்டச்சு செய்து முடித்துச் சேமிக்காமல் வைத்திருந்த பக்கங்கள் பல வேளைகளில் போயே போயின. அந்தச் செய்தியைக் கண்டு தலையில் கைவைத்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள்.

இவற்றைவிடப் பெரிய காரியம் 1976இல் நடந்தது. இம்சாய் என்னும் கணிப்பொறி நிறுவனத்தின் கிளென் யூயிங் தம் பொறிக்கு இந்நிரல் வேண்டுமென்று கேட்டார். ஒவ்வொரு பொறிக்கும் நிரல் முழுவதையும் திருத்தி எழுதிக் கில்டால் சலித்துப்போயிருந்தார். எனவே பொறிக்குப் பொறி மாறும் சிறு பகுதியைத் தனியே வெட்டியெடுத்தார். விசைப்பலகை எங்கே, திரை எங்கே, வட்டை எப்படிச் சுழற்றுவது என்பன மட்டும் அதில். 'பயாஸ்' என்று அதற்குப் பெயர். பொறி செய்பவர் அப்பகுதியைத் தாமே எழுதிக்கொள்ளலாம். மற்றவை அப்படியே இயங்கும். இதன் விளைவை அப்போது யாரும் முழுமையாக உணர்ந்திருக்கமாட்டார்கள். ஒருவர் எழுதிய நிரல், அவர் கண்ணாலும் காணாத பொறியில் ஓடும் நிலை வந்துவிட்டது. நிரல் எழுதுவது தனித்தொழிலாக வளர்ந்தது இதனால்தான் என்று நாம் துணிந்து சொல்வோம். 'வேர்டுஸ்டார்' என்னும் புகழ்பெற்ற எழுத்துநிரல் இந்த மண்ணில் முளைத்ததே.

கில்டாலும் அவர் துணைவியார் டாரதியும் 1976இல் 'டிஜிட்டல் ரிசர்ச்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அஞ்சலில் கேட்டவர்களுக்கு 70 டாலருக்கு நிரலை அனுப்பினார்கள். 1981 ஏப்ரலில் வெளிவந்த ஆஸ்போர்ன் கணிப்பொறி, பதினொரு கிலோ எடையோடு 'தூக்கிச் செல்லத்தக்கது' என்ற பெயரையும் தாங்கி, 1,795 டாலருக்குச் சிபி/எம் உடன் விற்றது. அதன் போட்டியாளரான கேப்ரோ நமக்கு அண்டையிலேயே வந்து சேர்ந்தது. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், தம் நாவல் திரைப்படமாவது குறித்து லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த இயக்குநர் பீட்டர் ஹயம்ஸோடு 1983-84இல் தொலைபேசிக் கம்பி வழியே மடல் பரிமாறியது கேப்ரோ கணிப்பொறிகளைக் கொண்டுதான். அம்மடல்கள் 1985இல் நூலாகவும் வந்தன. பசிபிக் குரோவின் கொட்டகையில் பிறந்த கர்ணம் கொழும்பிலும் அடங்கல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அந்த நாளுக்கு வருவோம்.

1980 கோடையில் ஐ.பி.எம். இரகசியமாக ஒரு சிறு கணிப்பொறியைத் திட்டமிட்டது. மொழிநிரல்களுக்காகச் சியாட்டிலருகே இருந்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தை அணுகியது. இயக்கமுறை கேட்டபோது, அது எங்களிடம் இல்லை, கில்டாலிடம் போங்கள் என்று பில் கேட்ஸ் வழிகாட்டினார். ஐ.பி.எம். குழுவினர் பசிபிக் குரோவுக்கு வந்தார்கள். அன்று காலையில் கில்டால் தம் விமானத்தில் வளைகுடாப் பகுதிக்குப் போயிருந்தது உண்மை. ஆனால் விளையாட அன்று. பில் காட்பவுட் என்னும் வாடிக்கையாளரைச் சந்திக்கும் வேலை முன்பே குறிக்கப்பட்டிருந்தது. சிற்றூரிலிருந்து வேறு ஊருக்குப் போக நாம் பேருந்து ஏறுவதுபோல் அவர் விமானம் ஏறுவார், அவ்வளவுதான். உடன் சென்ற சக ஊழியர் டாம் ரோலண்டரும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறார். உரிமப் பேச்சுகளை வழக்கமாக நடத்துபவரும் டாரதியே.

ஐ.பி.எம். குழு நீட்டிய முதல் தாள், இரகசியம் காக்கும் ஒப்பந்தம். அது முழுவதும் ஒருதலைப்பட்சமாக இருந்தது. டாரதி தயங்கினார், நிறுவனத்தின் வழக்குரைஞரும் தயங்கினார். நேரம் கழிந்தது. பிற்பகலில் தாம் திரும்பிவந்து பேச்சில் கலந்துகொண்டதாகக் கில்டால் சொன்னார். ஐ.பி.எம். சார்பில் வந்த ஜாக் சாம்ஸின் நினைவிலோ கில்டால் அங்கு இல்லை. இரு சாட்சியங்களும் ஒட்டவில்லை. எது எப்படியானாலும் அந்த ஒரு பிற்பகலில் எதுவும் முடிந்துவிடவில்லை என்பதே நம் துணிபு. விலையைப் பற்றி இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை: ஐ.பி.எம். மொத்தமாக ஒரு தொகை தர விரும்பியது. கில்டாலோ விற்கும் ஒவ்வொரு படிக்கும் பங்கு கேட்டார். அதற்கும் மேலாக, ஐ.பி.எம். தேர்ந்த புதிய வகைச் சில்லுக்கான சிபி/எம் அப்போது ஆயத்தமாகவில்லை. கில்டால் வேறொரு மொழிநிரலில் மூழ்கியிருந்தார். இந்தக் காலத்தாழ்வு அவர் குற்றமே. அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தத் தாமதத்தால் முதலில் தவித்தது ஐ.பி.எம். அன்று, சியாட்டிலில் இருந்த ஒரு சிறு நிறுவனம். 'சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ்' 1979 இறுதியிலேயே புதிய சில்லைக் கொண்ட பலகைகளை விற்கத் தொடங்கிவிட்டது. அதில் ஓட இயக்கமுறைதான் இல்லை. காத்துக் காத்துப் பார்த்த அதன் பொறியாளர், 24 வயது டிம் பாட்டர்சன், 1980இல் சில மாதங்களில் தாமே ஒன்றை எழுதினார். அவசரத்தில் அரைகுறையாகச் செய்தது என்று பொருள்படும் வேடிக்கைப் பெயரையும் அதற்குச் சூட்டினார். மைக்ரோசாஃப்ட் 1980 டிசம்பரில் 25,000 டாலருக்கு அதன் உரிமம் பெற்றது. 1981 ஜூலையில் மேலும் 50,000 டாலர் கொடுத்து முழுவதுமாக வாங்கிக்கொண்டது. ஐ.பி.எம்.முக்கு அது போயிற்று. ஆனால் பிறருக்கு விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. உலகப் பெருஞ்செல்வம் பிறந்தது அந்த ஓர் உட்பிரிவில்.

பாட்டர்சன் திருடினாரா? இக்கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்லலாகாது. சிபி/எம் கையேட்டைப் பார்த்தே அவர் எழுதினார். நிரல்கள் இயக்கமுறையிடம் வேலை கேட்கும் எண்கள் இரண்டிலும் ஒன்றே. திரையில் ஒரு தொடரை எழுதச் சொன்னால் அத்தொடரின் முடிவை டாலர் குறியால் காட்டவேண்டும் என்ற விசித்திரமான வழக்கம்கூடச் சிபி/எம்மிலிருந்து அப்படியே வந்தது. பழைய நிரல்களை எளிதாகப் புதிய சில்லுக்கு மாற்றவே அப்படிச் செய்தேன் என்பது அவர் விளக்கம். வட்டில் கணக்கு வைத்த முறையோ வேறு. கில்டால் ஒவ்வொரு கோப்பின் வரியிலும் அதன் துண்டுகளை எழுதினார். பாட்டர்சன் மைக்ரோசாஃப்டின் பேசிக் மொழியில் முன்பே இருந்த முறையைத் தழுவி, ஊர் முழுவதுக்கும் ஒரே பட்டியல் வைத்து, ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டைச் சுட்டும்படி செய்தார். இன்னொன்றையும் சொல்லவேண்டும். கில்டாலும் வெற்றிடத்திலிருந்து படைக்கவில்லை. கோப்பைப் படியெடுக்கும் அவருடைய கட்டளையின் பெயரே 'டெக்' நிறுவனத்தின் பெரிய கணிப்பொறிகளிலிருந்து வந்தது. கடன் வாங்காத கைவினைஞர் யார்? வாங்கிய கடனைச் சொல்லும் வழக்கத்தில்தான் மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறார்கள்.

தம் நிரலின் சாயலைக் கண்ட கில்டால் ஐ.பி.எம்.மிடம் முறையிட்டார். நிரல்களுக்குப் பதிப்புரிமை உண்டென்று அமெரிக்கச் சட்டம் தெளிவாகச் சொன்னதே 1980 டிசம்பரில்தான். வழக்குமன்றம் எப்படித் தீர்க்கும் என்று யாருக்குத் தெரியும்? சிபி/எம்மையும் சேர்த்து விற்கிறோம் என்று ஐ.பி.எம். இசைந்தது, அவர் வழக்கைக் கைவிட்டார். 1981 ஆகஸ்ட் 12இல் ஐ.பி.எம். கணிப்பொறி அறிவிக்கப்பட்டது. விற்பனைக்கு வந்தபோது டாஸின் விலை 40 டாலர். பல மாதம் பிந்தி வந்த சிபி/எம்மின் விலை 240 டாலர். வாங்குபவர் எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

கில்டால் முடங்கிவிடவில்லை. 1983 முதல் 1990 வரை கணிப்பொறி பற்றிய தொலைக்காட்சித் தொடரொன்றை இணைந்து நடத்தினார். அவர் தொடங்கிய மற்றொரு நிறுவனம் 1985இல் குறுவட்டில் முதல் கலைக்களஞ்சியத்தைக் கொணர்ந்தது. டிஜிட்டல் ரிசர்ச் 1991இல் நாவெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பணத்துக்கு அவர் வறியவராக இல்லை. வருத்தியது வேறு. 1992இல் அவர் பயின்ற வாஷிங்டன் பல்கலைக்கழகம் தன் கணிப்பொறித் துறையின் ஆண்டு விழாவுக்கு அவரைச் சிறப்புப் பெற்ற பழைய மாணவராக அழைத்தது. விழாவின் முதன்மைப் பேச்சாளர், அப்பல்கலைக்கழகத்தில் படிக்காதவரும் தாம் படித்த ஹார்வர்டைப் பாதியில் விட்டவருமான பில் கேட்ஸ். அந்தப் புண்ணே கில்டாலை நினைவுக்குறிப்புகள் எழுதத் தூண்டியது. 1993இல் எழுதி, நண்பர் சிலரோடு பகிர்ந்துகொண்டார். 1994 ஜூலையில் மான்டரேயில் தலையில் பட்ட காயத்தால் மூன்றாம் நாள் இறந்தார். வயது 52.

எழுதி வைத்த அப்பக்கங்களைக் கொண்டு ஹெரால்ட் எவன்ஸ் 2004இல் தம் நூலொன்றில் கில்டாலுக்கு ஓர் இயல் ஒதுக்கினார். அது தம்மை இழிவுபடுத்துகிறது என்று பாட்டர்சன் 2005இல் வழக்குத் தொடுத்தார். 2007இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. ஒருவரின் பெயரை மீட்கப் போய் இன்னொருவரின் பெயர் மன்றம் ஏறியதை நாம் மகிழ்ச்சியோடு சொல்லவில்லை. பாட்டர்சனும் உழைத்தவரே; தம் முதலாளி விற்ற விலையில் அவருக்குப் பெரும்பங்கொன்றும் இல்லை.

2014 ஏப்ரலில் மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ., பசிபிக் குரோவின் லைட்ஹவுஸ் சாலையில் நிறுவனம் இயங்கிய பழைய வீட்டின்முன் ஒரு நினைவுத் தகடு பதித்தது. 2016இல், குடும்பத்தாரின் இசைவோடு, கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் அவருடைய நினைவுக்குறிப்புகளின் முற்பகுதியை வெளியிட்டது. முன்னுரையையும் பிந்தைய இயல்களையும் பிள்ளைகள் அப்போது வெளியிட ஒப்பவில்லை. குடியோடு தந்தை போராடிய நாட்களில் எழுதிய அப்பக்கங்கள் அவருடைய உண்மையான இயல்பைக் காட்டவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.